ரெண்டு மணி இருபது நிமிஷம்

வக்கீல் சார் குடுத்த அந்தத் தாள்ல, விமானத்துல ரெண்டு மணி இருபது நிமிஷம்னுதான் போட்டிருக்கு ஜட்ஜம்மா, நான் இல்லேங்கல. நம்ம ஃபார்கோவுல இருந்து பாய்சி, தொள்ளாயிரத்துச் சொச்சம் மைல். கம்ப்யூட்டர்ல ரெண்டு ஊர் பேரையும் தட்டினா அது பாட்டுக்கு ஒரு கோட்டை இழுத்துக் காட்டிரும். காட்டு வாத்துக்கு அது சரி, அதை யாரும் பெல்ட்டக் கழட்டச் சொல்றதில்ல. எம் பொண்ணு பிரிட்டாவுக்கு எட்டு வயசு, இன்னும் ரெக்கை முளைக்கல.

அம்மாக்காரி மார்னாவுக்குப் பாய்சில வேலை கெடச்சிருச்சாம். பொண்ணையும் கூட்டிட்டுக் குடி போறாளாம். நெனச்சா ஓடி வந்து அப்பாவப் பாத்துக்கலாமாம், அவ வக்கீல் சொல்றாரு. இவரு ஒரு தடவையாவது போயிருக்காரா கேளுங்க. நான் போனேன். போன செவ்வாக்கெழமை, சும்மா, அந்தத் தாளோட யோக்கியதையப் பாக்க.

காலைல அஞ்சு மணிக்கு வண்டிக் கண்ணாடில பனியச் சொரண்டிட்டுக் கெளம்பினேன். நேரா விமானம் கிடையாது. பாய்சி மேக்கால இருக்கு, அவன் என்னை மொதல்ல கெழக்கால மினியாபொலிஸுக்குக் கொண்டுபோறான். தலையச் சுத்தி மூக்கத் தொடுறான்மா! அங்க ரெக்கைல பனி படிஞ்சிருக்குன்னு மருந்துத் தண்ணி அடிச்சான், அடிச்சான், அடிச்சிட்டே இருந்தான். கண்காட்சிக்குப் போற மாட்டக்கூட அவ்ளோ நேரம் குளிப்பாட்ட மாட்டோம். பாய்சில எறங்கறப்ப நம்மூர் மணிக்கு மூணரை. பத்தரை மணி நேரம்! வக்கீல் சார், உங்க தாள்ல இது எந்த மூலைல இருக்கு?

சரிம்மா, அவர்ட்ட பேசல. உங்ககிட்டயே பேசறேன். நான் வக்கீல் வெச்சுக்கல, எனக்கு வாய் இருக்கு.

சின்னப் புள்ள, தனியா, கழுத்துல பேரெழுதின அட்டைய மாட்டிக்கிட்டு, மாசம் ரெண்டு தடவ இப்பிடி அலையணுமா? கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லிருங்கம்மா. அவ போயிட்டா எனக்குன்னு யாரும் இல்ல.

என்னது? இப்ப எவ்ளோ தூரமா? என் டிராக்டர் பட்டறைலேந்து அவ பள்ளிக்கூடத்துக்கா? பதினோரு நிமிஷம். சிக்னல் விழுந்தா பன்னெண்டு. வெள்ளிக்கெழம மூணு மணிக்கு நாந்தான் கூட்டிட்டு வரணும், ஆமா.

அந்த நோட்டு எதுக்கும்மா இப்ப? பள்ளிக்கூடத்து நோட்டுதான். புள்ளையக் கூட்டிட்டுப் போறவங்க நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுறது. என் கையெழுத்துதான். நாலே முக்கால்... அன்னிக்கு ஒரு டிராக்டர் அவசரமா வந்துருச்சு. அஞ்சு இருவது... அது சர்க்கரை பீட்ரூட் அறுவடை சமயம், எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அஞ்சரை. சில வாரம் மார்னா கையெழுத்து இருக்கும். டீச்சரு போன் பண்ணி, அவ வந்து கூட்டிட்டுப் போயிருப்பா.

எல்லாத்தையும் படிக்க வேணாம்மா. கடைசிப் பக்கத்துல டீச்சர் எழுதியிருக்காங்களே, அது ஒண்ணு போதும். ஏன் உங்கப்பா எப்பவும் லேட்டுன்னு பிரிட்டாகிட்ட கேட்டிருக்காங்க. எங்கப்பா ரொம்ப தூரத்துல இருக்காருன்னு சொல்லியிருக்கா.