கேட்டால் கௌரவம் போய்விடும்

வெடிக்கிறது. ஜீப்புக்கு இடது பக்கம். உடனே வலது பக்கம். சரவெடி. சடசடவென்று நிற்காமல். சின்னமனூர் கடைவீதி முழுக்கப் புகை. எவனோ ஒரு தலைவன் வருகிறானாம். அவனுக்கு வரவேற்பு. ரோட்டுக்குக் குறுக்கே வெடியை விரித்துப் போட்டிருக்கிறார்கள்.

"புள்ளத்தாச்சி இருக்கு! வழி விடுங்கய்யா!"

கத்துவது என் கணவர் முருகேசன். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒருத்தரும் திரும்பவில்லை. ஒருவன் எங்கள் ஜீப்பில் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுக்கிறான்.

என் கண்ணில் பொறி பறக்கிறது. எது வெடி, எது என் தலைக்குள் இருப்பது என்று தெரியவில்லை. கண்ணை மூடினேன். மூடிய பிறகும் பொறி பறந்தது. அப்போதுதான் பயந்தேன்.

என் பெயர் பாண்டீஸ்வரி. உரக்கடையில் பில் போடுகிறவள். அப்போது எட்டாம் மாதம். முதல் பிள்ளை. அன்று திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து மண்டை பிளந்தது. கை கால் வீங்கி, மோதிரம் விரலை விட்டு வரவில்லை. எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பிபி பார்த்தார்கள். பார்த்தவர் முகம் மாறியது. நேராகத் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வேறு கேஸுக்குப் போயிருந்தது. சொந்த ஜீப்பில் கிளம்பினோம். வழியில் இந்தத் தலைவன்.

முன்னால் போக முடியாது. பின்னால் வண்டிகள். முருகேசன் ஒரு சந்துக்குள் ஜீப்பை ஒடித்தார். சந்து முடிவில் ஒரு தனியார் நர்சிங் ஹோம். பளபளவென்று கண்ணாடிக் கதவு. பெயரைச் சொல்ல மாட்டேன். விளம்பரம் அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

என்னைக் கட்டிலில் ஏற்றுகிறார்கள். ஏசி உறுமுகிறது. லதா என்ற நர்ஸ் பிபி கருவியைக் கட்டுகிறாள். காற்று புஸ்ஸென்று இறங்குகிறது. டாக்டர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்றார். பயந்திருந்தது அவர். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. வலிப்பு வந்துவிட்டது.

இனி சொல்வது முருகேசன் கதவருகே நின்று பார்த்தது. லதா பிறகு என்னிடம் சொன்னது.

வலிப்பை அடக்க மக்னீசியம் ஊசி உண்டு. அது அங்கேயே அலமாரியில் இருந்தது. எவ்வளவு போடுவது, எப்படிப் போடுவது என்பது டாக்டருக்கு நினைவில்லை. அதிகமானால் மூச்சு நின்றுவிடும் என்பது மட்டும் நினைவில் இருந்தது. அவர் அறையை விட்டு வெளியே போனார். வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு செல்போனில் தேடினார். கூடப் படித்தவர்களின் குரூப்பில் கேட்டார். ஒருவர் ஒரு அளவு சொன்னார். இன்னொருவர் வேறு அளவு. மூன்றாமவர் கும்பிடும் கை அனுப்பினார். பிறகு டாக்டர் ஒரு வீடியோவைத் திறந்தார். அதற்கு முன்னால் நகைக்கடை விளம்பரம் ஓடியது. அந்தப் பாட்டு முருகேசன் காதில் இன்னும் இருக்கிறது. உள்ளே நான் கட்டிலில் அடித்துக்கொண்டிருந்தேன். நாக்கைக் கடித்திருந்தேன். இரும்புக் கட்டில் சுவரில் மோதும் சத்தம் வராந்தா வரை கேட்டது.

லதா வெளியே ஓடினாள்.

"சார், எனக்கும் அளவு தெரியாது. தேனி பிரசவ வார்டுக்குப் போன் போட்டுக் கேட்டுருவோம் சார்."

"வேணாம். அங்கன கேட்டா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாக? இரு, பாத்துச் சொல்றேன்."

பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு இரண்டாவது வலிப்பு வந்தது.

லதா அவரிடம் மறுபடி கேட்கவில்லை. அவர் முன்னாலேயே போன் போட்டாள். தேனியில் ஒரு டாக்டரம்மா எடுத்தார். திட்டவில்லை. ஏளனம் செய்யவில்லை. மருந்தின் அளவைச் சொன்னார். லதாவைத் திருப்பிச் சொல்ல வைத்தார். மூச்சையும், முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதா என்பதையும் எப்படிக் கவனிப்பது என்று சொன்னார். லதா ஊசி போட்டாள். வலிப்பு நின்றது. கேட்டதும் கிடைத்த பதில். அவ்வளவுதான் விஷயம்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ரோடு காலியாக இருந்தது. தலைவன் கடைசிவரை வரவே இல்லையாம். வேறு வழியாகப் போய்விட்டானாம்.

தேனியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. அழவில்லை. முருகேசன் கையில் கொடுத்தார்கள். துணி சூடாக இருந்தது, பிள்ளை இல்லை என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நடக்க முடிந்ததும் அந்த நர்சிங் ஹோமுக்குப் போனேன். டாக்டர் எழுந்து நின்றார். நாற்காலி போடச் சொன்னார். ஜூஸ் வாங்கி வரச் சொன்னார்.

"படிச்சதுதாம்மா. அந்த அவசரத்துல மறந்து போச்சு."

"மறக்கட்டும் சார். மனுசன் மறப்பான். ஏன் கேக்கல?"

மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். திரும்பவும் நேராக வைத்தார்.

"எங்க கடைக்கு வாழை இலையத் தூக்கிட்டு வந்து என்ன நோயின்னு கேப்பாக. எனக்குத் தெரியலைன்னா அவுக முன்னாலயே விவசாய ஆபீசருக்குப் போன் போட்டுக் கேப்பேன். வாழைக்கு சார். எனக்கு வெக்கமா இருந்ததில்ல."

ஜூஸ் வந்தது. நான் தொடவில்லை.

மறந்ததற்காக நான் அவரை வெறுக்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு தேடினாரே, அதற்காக. என் உயிரைவிட அவருடைய பெயர் பெரிதாக இருந்ததே, அதற்காக. இவரைப் போல் எத்தனை பேர் எத்தனை வராந்தாவில் இப்போது சுவரைப் பார்த்து நிற்கிறார்களோ. கேட்க ஒரு நம்பர் உண்டு. எடுக்க ஆள் உண்டு. வெட்கத்துக்குத்தான் மருந்து இல்லை. இதைப் படிக்கும் நர்சுகளே, டாக்டர்களே, உங்களிடம் நான் இரக்கம் கேட்கவில்லை. வாயைத் திறந்து கேளுங்கள் என்கிறேன்.

போனவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு மகள். பெயர் வைக்கவில்லை.

என் இடது பக்கப் பார்வை. மூளைக்குள் ரத்தம் கசிந்ததால் போனது. அந்தப் பக்கம் யாராவது வந்து நின்றால் பேசினால்தான் தெரியும்.

இனி ஒரு பிள்ளை. வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்தோம்.

லதாவின் வேலை. டாக்டர் வேண்டாம் என்றும் போன் செய்ததற்காக அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள்.

டாக்டருக்குப் போனது எதுவும் இல்லை. வாசல் போர்டில் அவர் பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு பட்டம் சேர்ந்திருக்கிறது.