வெங்காயத் தோல் ஒட்டிய படம்

"இது அழுகிப்போச்சேக்கா."

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில், நரைத்த தலை அம்மாள் ஒருவரின் மடியிலிருந்த படத்தைப் பார்த்துப் பக்கத்துப் பெண் சொன்னாள். கரியும் மையுமாக, பூசணி அளவுக்கு ஒரு சின்ன வெங்காயம். அதன் மேல் நிஜ வெங்காயத் தோலையே ஒட்டியிருந்தார்.

"அழுகல் இல்லம்மா, முளைக்கிற வெங்காயம். நான் சிலை பண்றவ. முதல்ல இப்படி வரைஞ்சு பாப்பேன். நாளைக்குக் கண்காட்சி, இதுக்கு இன்னும் உசுரு வரல."

"எப்படி வரும்? தோல இப்படி அப்பி வச்சா மூச்சு முட்டிரும். முளை வந்தா தோல நெட்டிக்கிட்டுல்ல வரும். வெதவெங்காயம் சேத்து வைக்கிற எங்க பட்டறையில தெனம் பாக்குறேன்."

சிற்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உச்சியில் நகத்தை வைத்துத் தோலைக் கிளப்பினார். அது சரசரவென்று கிழிந்து விரிந்தது. அடியில் ஒளிந்திருந்த பச்சை மைக்கோடு மேலே எட்டிப் பார்த்தது. ஜன்னல் காற்றில் தோல் படபடத்தது.

"கிழிச்சுட்டேனேம்மா," என்று சிரித்தார்.

அந்தப் பெண் படத்தை வாங்கி, கையெட்டும் தூரம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"கண்காட்சி கெடக்கட்டும்க்கா. குன்னத்துல எறங்குங்க, எங்க காட்டுல ஒரு பாத்தி தரேன், நட்டுருவோம்."