எதையும் கேட்காத மாணவர்

மேடையில் வீற்றிருக்கும் பேராயர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும், மறைந்த நம் மாணவரின் தாயாரே, என் மாணவச் செல்வங்களே! முழங்கால் வலி பாடாய்ப் படுத்துவதால், இந்த வேதாகமக் கல்லூரியின் முதல்வராகிய நான் உட்கார்ந்தபடியே பேச உங்கள் அனுமதியைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மின்விசிறியையும் கொஞ்சம் கூட்டி வையுங்கள், தம்பி.

நம்மைவிட்டுப் பிரிந்த இறுதியாண்டு மாணவரை நீங்கள் ‘ஊமைப் பாதிரி’ என்று கேலி செய்தீர்கள். நான் செய்யவில்லை. நம் வளாகத்தின் விதி என்ன? ஊழியத்துக்கு ஆயத்தமாகிறவர் தனக்கென்று எந்த மனிதரிடமும் எதையும் கேட்கக் கூடாது. ஆண்டவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் சுற்றி வளைத்தாவது சோப்பு கேட்பார்கள், போர்வை கேட்பார்கள். இவர் கேட்டாரா? கேட்கவில்லை. செருப்பு அறுந்தபோது கேட்டாரா? கேட்கவில்லை. வெறுங்காலோடு தோட்டத்தைக் கொத்தினார். வந்த புதிதில் பிரசங்கத்தில் கொடிகட்டிப் பறந்தவர்தான் இவர். அதனாலேயே அவரை மேடையில் ஏற்றாமல் கழிப்பறை கழுவ வைத்தேன். தாழ்மை தானாக வந்துவிடுமா, சொல்லுங்கள்?

வயிற்றுவலி வந்த அன்றும் அவர் வாய் திறக்கவில்லை. அவருடைய அறைத்தோழர்தான் வகுப்புக்கு நடுவில் ஓடிவந்து, “ஐயா, அவனுக்கு வயிறு கல்லாட்டம் இருக்கு. வண்டிய மட்டும் குடுங்க” என்றார். நானே நேரில் போய், “தம்பி, உமக்கு வண்டி வேணுமா?” என்று விசாரித்தேன். அவர் சுவரைப் பிடித்து எழுந்து நின்று, “ஆண்டவர் சித்தம், ஐயா” என்றார். என்ன பதில்! எப்பேர்ப்பட்ட பதில்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அதே வண்டியில் ஏறி, என் முழங்காலைக் காட்டப் போனேன்.

திரும்பி வந்தபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. குடல்வால் வெடித்துவிட்டதாம். “காலையிலயே கொண்டு வந்திருந்தா பொழைச்சிருப்பாரே” என்று மருத்துவர் என்னிடம் சத்தம் போட்டார். பாவம், அவர் படித்த படிப்பு அப்படி. சகலமும் ஆண்டவர் கையில் என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது?

தாயார் தையல் வேலை செய்து மகனைப் படிக்க வைத்தவர். குருப்பட்டத்துக்கென்று தன் கையால் தைத்து வைத்த வெள்ளை அங்கியைப் போட்டு அடக்கம் செய்யச் சொன்னார். பட்டம் பெறாதவருக்கு அங்கி எப்படிப் போடுவது? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதோ, மடியில்தான் வைத்திருக்கிறார்.

ஆகவே அன்பர்களே, இவர் உயிரைக் கொடுத்துக் காத்த விதியை நாமும் காப்போம்! வரும் ஆண்டு மாணவர்களிடமும் தளர்த்தாமல் காப்போம்! அந்த அங்கி வசதியில்லாத ஒரு மாணவருக்கு உதவும். அதை நான் கேட்க மாட்டேன்; கொடுக்கும்படி ஆண்டவரே தாயாரை ஏவுவார்.

அம்மா எழுந்து நிற்கிறார். தானும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கூட்டத்துக்கு முன்பே என்னிடம் கேட்டார். இங்கே கேட்கிற வழக்கம் இல்லை, அம்மா. உட்காருங்கள்.

எல்லாரும் கண்களை மூடிக்கொள்ளுங்கள். ஜெபிப்போம்.