கோட்டுக்கு உள்ளே ஒரு பொக்கெற்

யேசுரட்ணம்: கண்ணாடிக்கூடு வைக்க ஒம்பது இஞ்சியிலை பொக்கெற்றோ? ஆருக்கு, யானைக்கோ?

கலாவதி: உங்களுக்கு எப்பவும் பகிடிதான் யேசு அண்ணை. ஒம்பது எண்டா ஒம்பது. தைச்சுத் தாங்கோவன்.

யேசுரட்ணம்: சரி, நீளம் ஒம்பது. அகலம்?

கலாவதி: ஆறு.

யேசுரட்ணம்: ஆறோ! இஞ்சை பார் பிள்ளை கலாவதி. லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கிலை இந்த மெசினுக்கு முன்னாலை நான் குந்தி ஏழு வருசம். உன்ரை மனிசன் ஆனந்தராஜாவுக்கு எத்தினை களிசான் கட்டையாக்கிக் குடுத்திருப்பன்? அவற்றை மூஞ்சியும் தெரியும், மூஞ்சியிலை இருக்கிற கண்ணாடியும் தெரியும். அதுக்கு ஆறு இஞ்சி வேண்டாம்.

கலாவதி: கண்ணாடியில்லை... பிளாஸ்க். தேத்தண்ணி பிளாஸ்க்.

யேசுரட்ணம்: பிளாஸ்க் உருண்டையெல்லோ. நெஞ்சிலை பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டே குட்மேய்ஸிலை கடை நடத்தப் போறார்? உங்கடை கடையிலை தண்ணி கொதிக்க வைக்க ஒரு கேற்றில் இல்லையோ?

கலாவதி: நீங்கள் தையல்காரரோ, சிஐடியோ?

யேசுரட்ணம்: உள்ளுக்குப் போற சாமான் தெரியாமல் பொக்கெற் வெட்டேலாது. பாரமோ, பாரமில்லையோ, எந்தப் பக்கம் இழுக்கும்... உந்த பாக்கிலை என்ன? அளவு ஏதும் கொண்டு வந்தனியோ? கொண்டா இஞ்சை.

கலாவதி: ஐயோ, அதை விடுங்கோ அண்ணை...

யேசுரட்ணம்: மட்டை. கோன்பிளேக்ஸ் பெட்டி மட்டை. ரெண்டு. பெரிசொண்டு, சின்னனொண்டு... கலா, உது என்ன?

கலாவதி: தாங்கோ அண்ணை, அதைத் தாங்கோ.

யேசுரட்ணம்: குழல் வெட்டியிருக்கு. பிடி வெட்டியிருக்கு. விசையும் பேனையாலை கீறியிருக்கு. பிஸ்டல் எல்லோ உது!

கலாவதி: மெல்லமாக் கதையுங்கோ! வாசல் கதவு திறந்து கிடக்கு.

பாமா: ஆர் உள்ளுக்கு? யேசுரட்ணம் மாஸ்ரர், நான் பாமா. கலியாண வீட்டு பிளவுஸ் எடுக்க வந்தனான்.

யேசுரட்ணம்: வாங்கோ பாமா அக்கா... வாங்கோ. கொக்கி மட்டும் மிச்சம். நாளைக்குத் தாறன்.

பாமா: போன கிழமையும் கொக்கிதான் மிச்சம். அதென்ன கொக்கி, இரும்பு உருக்கியோ செய்யிறியள்? அட, கலாவும் நிக்கிறாய்! உன்ரை அவருக்கு எப்பிடி? தலையிலை தையல் வெட்டியாச்சோ?

கலாவதி: ஓம் அக்கா. ஏழு தையல். போன வெள்ளி வெட்டினது.

பாமா: போத்திலாலை அடிச்ச பொடியளைப் பிடிச்சாங்களோ?

கலாவதி: எங்கை! பொலிஸிலையிருந்து ஒரு கடிதம் வந்தது. சாட்சி இல்லையாம். விசாரணையை நிப்பாட்டியாச்சாம்.

பாமா: நாசமாப் போவாங்கள். ஒரு மனிசன் தன்ரை கடையிலை தன்ரை பாட்டிலை நிக்கேலாது... மாஸ்ரர், மேசையிலை அதென்ன மட்டை?

யேசுரட்ணம்: அது... கொலர் வெட்டுற மாதிரி.

பாமா: உந்த வளைவிலை கொலரோ?

யேசுரட்ணம்: தொண்ணூற்றி நாலாம் ஆண்டு ஸ்டைல் அக்கா. உங்கடை பிளவுஸுக்கும் ஒண்டு வைச்சு விடட்டோ?

பாமா: விசர்க் கதை கதையாதேங்கோ. நாளைக்குக் காலமை ஒம்பது மணிக்கு வந்து நிப்பன். கொக்கியோடை!

யேசுரட்ணம்: பாமா போயிட்டா. கதவைச் சாத்திப்போட்டு வா. இரு. இனி எனக்குப் பொய் சொல்லாதை.

கலாவதி: அவர்தான் அனுப்பினவர். கண்ணாடிக்கூடு எண்டு சொல்லச் சொன்னதும் அவர்தான்.

யேசுரட்ணம்: வாங்கிப்போட்டாரோ?

கலாவதி: இன்னும் இல்லை. சுடப் பழகிற கிளப் ஒண்டிலை கனநாளாப் போறவர். லைசென்ஸும் இருக்கு. முந்தி அது விளையாட்டுத்தான் அண்ணை, சனிக்கிழமை போய் நாலு மட்டையைச் சுட்டுப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு வருவார். இப்ப தனக்கெண்டு சொந்தமா ஒண்டு வேணுமாம்.

யேசுரட்ணம்: வீட்டிலை பெட்டிக்குள்ளை பூட்டி வைக்கலாம். கிளப்புக்குக் கொண்டு போகலாம். கோட்டுக்குள்ளை செருகிக்கொண்டு கடையிலை நிண்டா மறியல், பிடிச்சு ஜெயிலுக்குள்ளை போடுவாங்கள். தெரியுமோ அவருக்கு?

கலாவதி: அவருக்குத் தெரியாத சட்டமோ? தெரிஞ்சுதான் செய்யிறார். ரெண்டைப் பாத்து வைச்சிருக்கிறார். கிளப்பிலை ஒரு வெள்ளைக்காரக் கிழவன், வாங்கிறதெண்டா சின்னனை வாங்கு, கையிலை அடங்கும் எண்டு சொன்னவனாம். இவர் கேக்கிறாரில்லை. சின்னனைக் கண்டா விளையாட்டுச் சாமான் எண்டு பொடியள் சிரிப்பாங்களாம். பெரிசைக் கண்டா சுடவே தேவையில்லையாம். கண்ட உடனை ஓடுவாங்களாம்.

யேசுரட்ணம்: ஓம், ஓம். எல்லாரும் உதைத்தான் சொல்லுறது.

கலாவதி: மட்டையை வெட்டி, கோட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னாலை ஒரு மணித்தியாலம் நிக்கிறார் அண்ணை. இப்பிடித் திரும்புறார், அப்பிடித் திரும்புறார். குனியிறார். என்னைப் பாத்து, “தெரியுதோ? தெரியுதோ?” எண்டு கேக்கிறார். புதுக்கலியாணத்திலை கூட அந்த மனிசன் கண்ணாடி பாத்ததில்லை.

யேசுரட்ணம்: சிரிக்கிறியோ அழுகிறியோ?

கலாவதி: எனக்கே தெரியேல்லை. பிள்ளையள் கோன்பிளேக்ஸைச் சட்டிக்குள்ளை கொட்டி வைச்சுச் சாப்பிடுதுகள், பெட்டியில்லாமல்... கடை குளிர், பெப்ரவரி மாசம், அவர் கோட்டோடைதான் நிக்கிறவர். நீங்கள் பெரிசு மறையிற மாதிரித் தைச்சா பெரிசு. மறையாது எண்டா சின்னன். வாற சனிக்கிழமை போய் வாங்கிறாராம்.

யேசுரட்ணம்: கோட்டை மடி. பாக்கிலை வை. வீட்டை போ.

கலாவதி: ஏன், தைக்க வராதோ?

யேசுரட்ணம்: எனக்கோ? எனக்கோ தைக்க வராது?

கலாவதி: அப்ப ஏன்?

யேசுரட்ணம்: ஒருக்காத் தைச்சனான். அதுவே காணும்.

கலாவதி: எங்கை? இஞ்சையோ?

யேசுரட்ணம்: யாழ்ப்பாணத்திலை. எண்பத்தஞ்சிலை. ரவுணுக்குள்ளை கடை வைச்சிருந்தன். ஒரு பொடியன் வந்தான், பத்தொன்பது வயசு. இயக்கத்திலை சேந்து மூண்டு மாசம். உன்ரை மனிசனுக்கு வந்த அதே வில்லங்கம்தான் அவனுக்கும். ரெண்டைக் காட்டி, உனக்கு ஒண்டை எடு எண்டு விட்டிருக்கிறாங்கள். சேட்டுக்குள்ளை எது மறையும் எண்டு என்னை வந்து கேட்டான்.

கலாவதி: நீங்கள் என்ன சொன்னியள்?

யேசுரட்ணம்: பெரிசை எடு, சேட்டை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டன்.

கலாவதி: ஏன் அண்ணை? சின்னன் சுகமெல்லோ?

யேசுரட்ணம்: ...தொழில் திமிர் எண்டு வையன். அந்த வெய்யிலுக்குக் கோட்டோ போடுறது? ஒரேயொரு சேட். இடுப்பிலை அந்தப் பெரிய சாமான். கட்டம் போட்ட துணி எடுத்தன், வெறுந்துணியிலை புடைப்புத் தெரியும், கட்டம் எண்டா கண்ணை ஏமாத்தும். தோளைக் கொஞ்சம் தளர்த்தி, வெளியாலை விட்டுப் போடுற மாதிரி. போட்டுக்கொண்டு நேரை நிண்டான். சத்தியமாச் சொல்லுறன் கலா, பக்கத்திலை நிண்ட எனக்கே தெரியேல்லை. மாப்பிள்ளை மாதிரி நிண்டான். 

கலாவதி: பிறகு?

யேசுரட்ணம்: பிறகென்ன, மினி பஸ்ஸிலை ஏறினான். இருக்க இடமில்லை. மேல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்.

கலாவதி: ஐயோ...

யேசுரட்ணம்: கையைத் தூக்கினா சேட்டும் கூடப் போகும். அளவு பாக்கேக்கை, கையை ஒருக்காத் தூக்கு ராசா எண்டு நான் சொல்லேல்லை. பஸ்ஸுக்குள்ளை சாதாரண உடுப்போடை ஆமிக்காரன் ஒருத்தன் இருந்திருக்கிறான். கண்டிட்டான்.

கலாவதி: அந்த இடத்திலையே...?

யேசுரட்ணம்: இல்லை. இறக்கிக்கொண்டு போனவங்கள். மூண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலை வந்து எடுக்கச் சொன்னாங்கள். நான் தைச்ச சேட்டோடைதான் கிடந்தான்.

கலாவதி: ஆற்றை பிள்ளை அண்ணை?

யேசுரட்ணம்: ஆரோ பெத்த பிள்ளை. விடு. இனி விளங்குதோ நான் ஏன் தையேன் எண்டு?

கலாவதி: விளங்குது. விளங்கினபடியாத்தான் கேக்கிறன்... அண்ணை, அண்டைக்கு விட்ட பிழையை இந்தக் கோட்டிலையும் விடுங்கோ.

யேசுரட்ணம்: என்ன சொல்லுறாய் நீ?

கலாவதி: அவர் அனுப்பினது ஒண்டுக்கு, நான் வந்தது இன்னொண்டுக்கு. நாளைக்கு அவர் போட்டுப் பாக்க வருவார். வடிவா மறையுது எண்டு சொல்லுங்கோ. ஆனா மறைக்காதேங்கோ. கையைத் தூக்கினா வெளியாலை தெரியவேணும்.

யேசுரட்ணம்: ஆருக்குத் தெரிய?

கலாவதி: எங்கடை கடைக்குப் பின்னேரம் பின்னேரம் ஒரு பொலிஸ்காரன் வாறவன். நல்ல மனிசன், என்ரை பிள்ளையளின்ரை பேரெல்லாம் தெரியும். அவன் கேக்கிற சிகரெட் மேல் தட்டிலை. இவர் எட்டி எடுக்கேக்கை அவன் காண்பான். பறிப்பான். லைசென்ஸ் போகும்.

யேசுரட்ணம்: லைசென்ஸோ? மறியல் எண்டெல்லோ இப்ப சொன்னனான்! கட்டின மனிசனை நீயே பிடிச்சுக் குடுக்கப் போறியோ?

கலாவதி: மறியலுக்குப் போனா திரும்பி வருவார். அண்ணை, அவருக்குக் கை நடுங்குது. தேத்தண்ணிக் கோப்பையை ரெண்டு கையாலையும் பிடிக்கிறார். அந்தக் கையிலை உதை வைச்சுக்கொண்டு... அவங்கள் பதினஞ்சு பதினாறு வயசுப் பொடியங்கள். இவர் வெளியாலை எடுத்தா ஒண்டு இவர் கொலைகாரன், இல்லாட்டி அவங்கள் பறிச்சு இவரைச் சுடுவாங்கள். மூண்டாவது ஏதும் இருக்கோ? சொல்லுங்கோ பாப்பம்.

யேசுரட்ணம்: மனிசனோடை இருந்து கதைச்சுப் பாத்தனியோ?

கலாவதி: கதைச்சன், அழுதன், சாப்பிடாமல் கிடந்தன். “நீ அண்டைக்குக் கடையிலை நிக்கேல்லை, உனக்கு விளங்காது” எண்டுறார்.

யேசுரட்ணம்: அது சரிதானே. நீ கடைக்கு மேலை வீட்டிலை நிண்டனியாம் எண்டு சொன்னவர்.

கலாவதி: ...நான் மேலை நிக்கேல்லை.

யேசுரட்ணம்: என்ன?

கலாவதி: பின் அறையிலை நிண்டனான். பிரிட்ஜுக்குப் பின்னாலை. போத்தில் உடைஞ்ச சத்தம் கேட்டது. “கலா, கலா” எண்டு ரெண்டு தரம் கூப்பிட்டவர். நான் வாயைப் பொத்திக்கொண்டு குந்திக்கொண்டிருந்தன். அவங்கள் போய்க் கதவு சாத்தின பிறகுதான் ஓடி வந்தன். அவருக்கு இண்டை வரைக்கும் தெரியாது. பொலிஸ் சாட்சி கேட்டு வரேக்கையும் நான் வாய் திறக்கேல்லை.

யேசுரட்ணம்: பிள்ளை... நீ வந்திருந்தா உனக்கும் ஏழு தையல். ஆரும் பயப்பிடுவினம்.

கலாவதி: எனக்கு ஆறுதல் வேண்டாம். தைச்சுத் தாங்கோ.

யேசுரட்ணம்: இப்ப எனக்குச் சொன்னதைப் போய் அவருக்குச் சொல்லு. கூப்பிட்டது கேட்டது, பயத்திலை வரேல்லை எண்டு சொல்லு. தான் ஒருத்தன்தான் பயந்தவன் எண்டு நினைச்சுத்தான் அந்தாள் துவக்குத் தேடுது.

கலாவதி: ஏலாது. அதுக்குப் பிறகு என்ரை முகத்தைப் பாப்பாரோ?

யேசுரட்ணம்: பாக்காட்டிலும் பரவாயில்லை. சொல்லு.

கலாவதி: உங்களுக்கு லேசு. கோட்டை ரெண்டு இஞ்சி இழுத்துத் தைக்கிறதுக்கு இவ்வளவு உபதேசமோ! நீங்கள் மறதியிலை விட்ட பிழையை அறிஞ்சு விடச் சொல்லுறன், அவ்வளவுதானே.

யேசுரட்ணம்: அண்டைக்கெண்டு அந்தப் பொலிஸ்காரன் லீவிலை நிண்டா? அவன் காண முதல் அந்தப் பொடியள் கண்டா?

கலாவதி: அப்பிடி நடக்காது.

யேசுரட்ணம்: நடக்காது எண்டுதான் நானும் நினைச்சனான்.

கலாவதி: நீங்கள் என்னத்தை நினைச்சனீங்கள்? மறந்துபோய்த்தானே கையைத் தூக்கச் சொல்லாமல்...

யேசுரட்ணம்: அப்பவே பன்ரெண்டு வருசம் தைச்சவன் அதை மறப்பானோ கலா? பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சட்டை தைச்சாலும் கையைத் தூக்க வைச்சுத்தான் பாக்கிறனான்.

கலாவதி: அப்ப... அந்தப் பொடியன்...

யேசுரட்ணம்: என்ரை தம்பி. எட்வேட். அம்மாவுக்குச் சொன்னா இனி வீட்டுப் பக்கமே வரமாட்டன் எண்டு என்னிட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டான். எனக்கும் சொல்லத் துணிவில்லை. பெரிசை எடு எண்டது, அம்மாவின்ரை கண்ணிலை படவேணும் எண்டுதான். சேட்டைக் கட்டையா வெட்டினதும் அதுக்குத்தான். வெளிக்கிட முதல் அலுமாரிக்கு மேலை சீப்பை எட்டி எடுப்பான், அம்மா கண்டு கத்துவா, காலிலை விழுந்தாவது மறிப்பா எண்டு நினைச்சன். அண்டைக்கு அம்மா விடியப் பூசைக்குப் போயிட்டா.