கேட்காத சத்தத்துக்குக் கேட்ட மன்னிப்பு

அவையோரே, ஒரு முக்கிய அறிவிப்போடு தொடங்குகிறேன். மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். நம் ஹினோகி கடைத்தெருவின் கிழக்கு முனையில், மழையென்றும் வெயிலென்றும் பாராமல் நின்றபடியே தொண்டாற்றும் தானியங்கி பானப் பெட்டி, நேற்று காலை முதல் குளிர்ந்த பார்லித் தேநீரைக் கைவிட்டுச் சூடான சோள சூப்புக்கு மாறிவிட்டது. ஒசாகாவுக்குக் குளிர்காலம் வந்துவிட்டது. நல்ல செய்திகள் இத்துடன் முடிந்தன.

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்து, 'சுருக்கமாக முடி' என்று கண்ணாலேயே ஆணையிடும் கடைத்தெருச் சங்கத் தலைவர், ஊருக்கே பார்வை கொடுக்கும் கண்ணாடிக் கடை மினெகிஷி ஐயா அவர்களே; தெருவுக்கே சுறுசுறுப்பு ஊட்டும் தேயிலைக் கடைத் துணைத் தலைவி கசுயா அம்மா அவர்களே; முன்வரிசையில் முழங்காலைத் தேய்க்கும் மூத்தோர்களே; பின்வரிசையில் பிள்ளைகளை அதட்டும் தாய்மார்களே; என்னைப் பாராமல் மூலையில் கொதிக்கும் பானையையே பார்த்துக்கொண்டிருக்கும் பசித்த பெருமக்களே, தலைதாழாத வணக்கம்.

ஆம், தலைதாழாத வணக்கம்தான். நான் குரிமோத்தோ தெப்பெய். வயது பதினேழு. பதவி, மொகுரா ஸ்டுடியோவின் துணை அதிபர். அதிபர், என் அக்கா நாகிஸா. எங்கள் நிறுவனத்தில் இந்த இருவரைத் தவிர வேறு ஊழியர் கிடையாது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சங்கத்துக்குச் சொந்தமான கட்டடத்தின் நிலவறையில் எங்கள் ஸ்டுடியோ இருக்கிறது. அதன் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. நீட்டிப்பதா, எங்களைத் துரத்துவதா என்று சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கி முடிவு செய்வீர்கள். அக்கா குனிந்து குனிந்து அவள் முதுகு வில்லாகிவிட்டது. அந்த வில்லிலிருந்து அம்பாக வந்திருக்கிறேன். இந்தத் தலை இன்று எவர் முன்னும் குனியாது. மன்னிப்பு என்ற சொல் இந்த நாவைத் தாண்டாது.

இசைக்கலைஞர் என்றால் யார்? தொலைக்காட்சியில் பளபளப்பவரா? பின்னால் பெரிய நிறுவனமும் முன்னால் கறுப்புக் காரும் உள்ளவரா? அவர்களுக்கு எங்கள் தயவு தேவையில்லை. பகலெல்லாம் பார்சல் கொடுத்துவிட்டு மாலையில் பாட்டுக் கட்டுபவரை நான் சொல்கிறேன். பகலில் பொய்ப்பல் செய்துவிட்டு மாலையில் பாஸ் கிட்டார் வாசிக்கும் ஒகுனோ அண்ணனைச் சொல்கிறேன். இந்த அரங்கில் புன்னகைக்கும் வாய்களில் பாதி அவர் கைவண்ணம். உங்களுக்கு மெல்லப் பல் கொடுத்தவருக்கு மெல்ல வாசிக்கக்கூட இடம் இருந்ததா? காகிதச் சுவர் வீட்டில் மெத்தை அலமாரிக்குள் புகுந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசித்தார். சாக்ஸபோன்காரர் ஒருவர் பாலத்தடியில் கொக்குகளுக்குக் கச்சேரி செய்தார். கொக்குகள் பொறுமையானவை. ஆனால் கைதட்டத் தெரியாதவை.

என் அக்கா டிரம்ஸ் வாசிப்பவள். தலையணையில் அடித்தே பழகியவள். பஞ்சு செத்துப்போன அந்தத் தலையணையில்தான் நான் படுத்து வளர்ந்தேன். இவர்களுக்கெல்லாம் ஓர் இடம் வேண்டுமென்று, மூடிக்கிடந்த மாஜாங் ஆட்டக் கூடத்தை வாடகைக்கு எடுத்தாள். தரைக்கு மேல் தரை போட்டாள். சுவருக்குள் சுவர் வைத்தாள். கதவுக்குப் பின் கதவு மாட்டினாள். பாட்டைப் பதிவு செய்ய ஒரு மூலை, கேசட் அடுக்க ஒரு மூலை, பனியனில் படம் அச்சிட ஒரு மூலை, எஞ்சிய மூலையில் துணை அதிபர். உள்ளே இடி விழுந்தாலும் வெளியே ஊசி விழுந்த ஓசை கேட்கும். அத்தனை நேர்த்தி.

அங்கேதான் அக்கா ஒரு தவறு செய்தாள். நம் ஊரில் நல்ல வளர்ப்பில் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. திறப்பதற்கு முன்பே, பயறு வைத்த இனிப்புப் பெட்டிகளோடு வாசல் வாசலாகப் போனாள்.

"இனிமே கொஞ்சம் சத்தம் வரும்மா. முன்னாடியே மன்னிச்சுக்கோங்க."

கசுயா அம்மா, நினைவிருக்கிறதா? ஒரு வாரம் கழித்து நீங்களே கேட்டீர்கள்: "ஏன்டி நாகிஸா, கடைய எப்பத்தான் தெறக்கப் போற?" திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அத்தோடு விட்டார்களா? வந்த குழுக்களும் நல்ல வளர்ப்பு. டிரம்ஸ்காரர் வந்தால் ஒரு பெட்டி, எக்காளக்காரர் வந்தால் ஒரு பெட்டி. "இன்னிக்கு ஊதப் போறோம், மன்னிச்சுக்கோங்க ஐயா." தெருவே தின்றது. மன்னிப்புக்கு முன் வரும் இதற்கு முன்னிப்பு என்று பெயர் வைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. இனிப்பைத் தின்னத் தின்ன, தின்றவர்களின் காது தீட்டப்பட்டது. இத்தனை பேர் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்றால் ஏதோ கேட்கத்தானே வேண்டும்?

ஒரு புதன்கிழமை தலைவர் ஐயா வந்தார். முறைக்காதீர்கள் ஐயா, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

"நாகிஸா, நேத்து மத்தியானம் ஒரே இடிம்மா. கடையில கண்ணாடியெல்லாம் ஆடிப்போச்சு."

நேற்று என்றால் செவ்வாய். செவ்வாய் எங்களுக்கு விடுமுறை. கதவு பூட்டியிருந்தது. அக்கா ஆற்றங்கரையில் கால் நீட்டி ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நான் இருந்தேன். இல்லை என்ற ஒரு சொல் போதும். அக்கா என்ன சொன்னாள் தெரியுமா?

"ரொம்ப மன்னிச்சுக்கோங்க ஐயா. இனிமே ஜாக்கிரதையா இருக்கோம்."

அவர் போனதும் நான் குதித்தேன். "அக்கா, உனக்கு மூளை இருக்கா? நேத்து நாம பூட்டியிருந்தோம்ல?"

"பெரியவர்டா. இல்லைனு சொன்னா அவர் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்போ நாம பொய் சொன்னா பரவால்லையா?"

"மன்னிப்பு கேக்கறது பொய் ஆகாதுடா. போ, இனிப்புக் கடையில இன்னொரு பெட்டி வாங்கிட்டு வா."

அந்த ஒரு மன்னிப்பு எத்தனை குட்டி போட்டது? தோஃபு கடையில் சோயாக் கட்டி விரிசல் விட்டதாம். மொகுராவால். சலவைக் கடைப் பூனை சோறு தின்னவில்லையாம். மொகுராவால். ஒவ்வொருவர் வாசலிலும் அக்கா குனிந்தாள். குனிந்ததெல்லாம் குற்றமாயிற்று. போன மாதச் சங்கக் கூட்டத்தில் பேசப்பட்டது இதுதானே? "சத்தம் போடாமலா அந்தப் பொண்ணு மன்னிப்பு கேட்டா?"

நான் சும்மா இருக்கவில்லை. துணை அதிபர் சும்மா இருப்பாரா? ஒகுனோ அண்ணனை உள்ளே முழு வேகத்தில் வாசிக்கவிட்டு, நடுத்தெருவில் தரையில் காதை வைத்துப் படுத்தேன். ரோந்துக் காவலர் சைக்கிளை நிறுத்தினார்.

"தம்பி, உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"இல்ல சார். சத்தம் கேக்குதான்னு பாக்கறேன்."

அவரும் குனிந்து காது கொடுத்தார். "ஒண்ணும் கேக்கலியே."

"அதான் சார் எங்க பிரச்சனையே."

பெரியோர்களே, காலை முதல் மாலை வரை கம்பத்துக்குக் கம்பம் கட்டிய ஒலிபெருக்கியில் இந்தக் கடைத்தெருவின் பெருமைப் பாட்டு ஒலிக்கிறது. அதற்கு யார் இனிப்புக் கொடுத்தார்கள்? சூதாட்டக் கூடத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் எஃகுக் குண்டு மழையின் இரைச்சல் கொட்டுகிறது. அதற்கு யார் குனிந்தார்கள்? மன்னிப்புக் கேட்காத சத்தம் உங்கள் காதில் விழவே இல்லை. மன்னிப்புக் கேட்ட அமைதியோ உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. குனிந்தவள் முதுகில்தான் இந்தத் தெரு தன் எரிச்சலையெல்லாம் அடுக்குமா? உரத்துக் கத்துபவனுக்கு இடம் உண்டு, ஓசைப்படாமல் உழைப்பவளுக்கு இல்லையா? அவளைத் துரத்தினால் ஒகுனோ அண்ணன் மறுபடி அலமாரிக்குள் போவார். பார்சல்காரர் பாட்டை மறப்பார். என் அக்கா மறுபடி தலையணையில் அடிப்பாள். இந்நேரம் அவள் கீழே மைக் வயர்களைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கை தூக்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை. உங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதாம்.

ஆகவே கை தூக்குமுன் உங்கள் காதையே கேளுங்கள். கேட்டது சத்தத்தையா, மன்னிப்பையா?

முடித்துவிட்டேன் ஐயா, மணியைக் கீழே வையுங்கள். ஒன்றே ஒன்று. இந்தத் தலை குனியாது என்று முழங்கினேன் அல்லவா? அது... கூட்டம் தொடங்குமுன் முகமூடி மாட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக வந்து, இடுப்பு ஒடியக் குனிந்து, "இன்னிக்கு மேடையில ஒருத்தன் கொஞ்சம் சத்தமா பேசுவான், மன்னிச்சுக்கோங்க" என்று எல்லார் கையிலும் ஓர் இனிப்பை வைத்துவிட்டுப் போன பையன் நான்தான். பயந்துவிட்டேன். நானும் அவள் தம்பிதானே.

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுக் கை தூக்குங்கள். வருகிறேன், வணக்கம்.