நிமிஷத்துக்கு ஐம்பத்தி நாலு

— அசையாம படுடா. நீ காலை ஆட்டினா ஈசிஜில கோடு கன்னாபின்னான்னு விழும்.

— அக்கா, உள்ளதைச் சொல்லு. நான் தாங்கிக்குவேன்.

— வாயை மூடு. வெளிய வரிசையில நிக்கிறவங்களை எல்லாம் காக்க வச்சுட்டு தம்பியைப் படுக்க வச்சிருக்கேன்.

— கையைப் பிடிச்சு எண்ணிப் பார்த்தேன்க்கா. நிமிஷத்துக்கு ஐம்பத்தி நாலு. போன மாசம் வரைக்கும் எண்பதுக்குக் குறைஞ்சதே இல்ல. லிஃப்ட் மெக்கானிக் நான், எனக்குத் தெரியாதா? மோட்டார் திடீர்னு மெதுவா சுத்துச்சுன்னா, அடுத்து நிக்கத்தான் போகுது.

— உன் ஹார்ட்டு என்ன லிஃப்ட் மோட்டாரா? போன மாசம் பிரஷருக்கு மாத்திரை மாத்திக் கொடுத்தாங்களா இல்லையா?

— கொடுத்தாங்க. காலையில ஒண்ணு.

— அதோட வேலையே அதுதான்டா! பிரஷர் ஏறிக் கிடந்தா ஹார்ட்டு முட்டி மோதித்தான் ரத்தத்தைத் தள்ளணும். தள்ளித் தள்ளி அதோட சுவரே தடிச்சுப்போகும். உனக்கும் லேசா தடிச்சிருந்துச்சு. இந்த மாத்திரை, "மெதுவா போப்பா, என்ன அவசரம்"னு அதைக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்துது.

— அப்போ நிக்கப் போகலையா?

— தலை சுத்துதா? மயக்கம் வருதா? மூச்சு வாங்குதா?

— ஒண்ணும் இல்ல. மாடிப்படி நல்லாத்தான் ஏறுறேன்.

— பாரு, கோடு பிசிறில்லாம விழுந்திருக்கு. டாக்டரும் எட்டிப் பார்த்துட்டு, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போறாரு. நீயா மாத்திரையை நிறுத்திடாதே, அதுதான் ஆபத்து. அப்பாடா! எனக்கு இப்பத்தான் உசுரே வந்துச்சு. பாவி, என்னை இப்படிப் பயமுறுத்திட்டியேடா.

— அழாதேக்கா.

— அழலை, சிரிக்கிறேன். எழுந்திரு, சட்டையைப் போடு. ஆனா ஒண்ணு கேக்கணும். சாகப் போறோம்னு நினைச்சுத்தானே காலையில பாப்பாவுக்குப் போன் போட்டே?

— ம்.

— பெத்த பொண்ணுகிட்ட ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசலை நீ. எஸ்கலேட்டர்காரனைக் கட்டிக்கிட்டான்னு.

— லிஃப்ட்காரன் வீட்டுக்கு எஸ்கலேட்டர்காரன் மாப்பிள்ளையா? எங்க ஆளுங்க எல்லாம் கேலி பண்ணிச் சிரிச்சாங்க. ஆத்திரத்துல, "நான் சாகக் கிடந்தா மட்டும் வா"ன்னு அத்தனை பேர் முன்னாடி அவகிட்டச் சொல்லிட்டேன்.

— அவ அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டாளாம், எனக்குப் போன்ல சொன்னா. மாப்பிள்ளையும் கூட வர்றாரு. சாயங்காலம் வந்து இறங்குவாங்க. இங்க நீ ஒரு நோயும் இல்லாம குத்துக்கல்லு மாதிரி நிக்கிறே. வாசல்லயே திருப்பி அனுப்பிடுவியோன்னு எனக்குப் பக்கு பக்குங்குதுடா.

— மாட்டேன்க்கா.

— சத்தியமா? பயம் போயிட்டா ரோஷம் திரும்பி வந்துடும் உனக்கு.

— பயம் எங்கக்கா இருந்துச்சு? மாத்திரை எழுதினப்பவே, "நாடி குறையும், பயப்படாதே"ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சாகக் கிடந்தா மட்டும் வான்னு சொல்லித் தொலைச்சவன், வேற எப்படி அவளைக் கூப்பிடுறது?