தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு ஆண்டுகள் என்று எழுதிய மலையம்மாள் அவர்களுக்கு

ஓயாது உழைத்து, ஒருவர் முன்னும் ஒடுங்காது, இன்று ஓய்வு பெறும் எங்கள் செவிலியர் கண்காணிப்பாளர் மலையம்மாள் அவர்களே!

"கருணைக் கடலே, கனிவின் சிகரமே" என்று தொடங்குமாறு அலுவலகம் ஒரு மாதிரி மடல் தந்தது. போன ஆண்டு ஓய்வு பெற்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் இதே கடலும் சிகரமும்தான் வாசிக்கப்பட்டன. தாங்கள் கடலும் அல்லீர். கனிவைப் பற்றிப் பயிற்சி மாணவியரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஆகவே நடந்ததையே எழுதினோம்.

அறுவை அரங்கில் நோயாளியை மயக்கி, மூச்சைக் காத்து, மீண்டும் விழிக்கச் செய்யும் பணியை அமெரிக்காவில் அதற்கெனப் படித்த செவிலியரும் செய்கிறார்கள் என்று அறிந்த நாள் முதல், தேவகோட்டையிலிருந்து பேருந்தில் வந்து போகும் நம் பெல்சிக்கு அதுவே குறி. தாங்கள்தான் பழைய பணிப்பட்டியலின் பின்பக்கத்தில் அவருக்கு வழி வரைந்து கொடுத்தீர்கள். முதலில் ஆங்கிலத் தேர்வு. அடுத்து அந்நாட்டின் செவிலியர் உரிமத் தேர்வு. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. பிறகு மூன்றாண்டு மயக்கவியல் படிப்பு.

"அதுக்குள்ள வயசு முப்பத்தஞ்சு ஆயிரும் சிஸ்டர்" என்றார் பெல்சி.

"வயசு ஆகாம இருக்க இங்க மருந்து வச்சிருக்காகளாக்கும்? போயி மூணாம் பெட்டுல டிரிப்பைப் பாரு" என்றீர்கள்.

எல்லாவற்றுக்கும் வேண்டியது ஓர் அனுபவச் சான்றிதழ். இங்கேதான் நம் நிர்வாகத்தின் நெடுநாள் வழக்கம் குறுக்கிட்டது. ஆண்டுக்கணக்கில் ஐசியூ வெண்டிலேட்டர்களுக்கு நடுவே பணியாற்றிய செவிலியருக்கும் நம் சான்றிதழ் 'பொது வார்டு' என்றே சொல்லும். நல்ல செவிலியர் நம்மைப் பிரியலாகாது என்ற அளவற்ற அன்பே காரணம்.

பெல்சி இங்கே பணியாற்றிய ஆறாண்டுகளும் தீவிர சிகிச்சைப் பிரிவே என்று எழுதிக் கையொப்பமிட்டு, இன்று காலை தாங்கள் முத்திரைக்குக் கொண்டு சென்றீர்கள். இதோ மேடையில் மாலையோடு வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் ஞானசம்பந்தம் அவர்கள் பதறிவிட்டார்.

"என்ன சிஸ்டர், போற நாள்ல இப்படிப் பண்றீக? பொது வார்டுன்னு மாத்துங்க. அந்தப் புள்ள போயிட்டா ஐசியூவை யாரு பாக்குறது?"

"சரியாப் போச்சு. அவ எங்க வேலை பாத்தான்னு நீங்களே சொல்லிட்டீக. சீல் குத்துங்க சார், சாயங்காலம் வரைக்கும் நான்தான் சூப்பரிண்டெண்டு."

வாசலில் நாங்கள் ஐவர் நின்றோம். அனைவர் காதிலும் விழுந்தது. முத்திரையும் விழுந்தது.

முப்பத்து நான்கு ஆண்டுகளில் தாங்கள் வாங்கிய கேடயங்களை அடுத்துப் பேசுவோர் பட்டியலிடுவார்கள். நாங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே. பெல்சியின் சான்றிதழ் ஏற்கெனவே நகலெடுக்கப்பட்டுவிட்டது. எங்களில் இன்னும் நால்வர் நாளைக் காலை அதே சான்றிதழுக்கு மனுக் கொடுக்கிறோம். தங்கள் நாற்காலிக்கு யார் வந்தாலும் வரட்டும். 'பொது வார்டு' என்று எழுதினால் வாங்கமாட்டோம்.

நாட்டரசன்கோட்டை வீட்டில், எந்த வார்டிலிருந்தும் அழைப்பு வராத நெடிய காலைப்பொழுதுகளோடும், நிறைந்த உடல்நலத்தோடும் நூறாண்டு வாழ்வீர்களாக!

இங்ஙனம்,
பெல்சி, தேவிகா, அகல்யா, காளிராஜ், ஃபெலிக்ஸ்
செவிலியர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு,
காரைக்குடி.